நூத்திப் பதிமூணு குதிரை

வாங்க, வாங்க. ஃபேனுக்கு அடியில உக்காருங்க. ஈரோட்டுல இருந்து பஸ்லயா வந்தீங்க? கார்லயா? நல்லது. மரகதம், காப்பி கொண்டா. அப்பிடியே அந்த மிக்சரையும் எடுத்துட்டு வா. நம்ம பேக்கரி மிக்சருங்க, பயப்படாமச் சாப்புடலாம்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரமூர்த்தி பொண்ணு ஹரிணியப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. தெரியுமுங்க. பையனோட அப்பா நீங்களே நேர்ல வந்தது ரொம்ப சந்தோசம். பொண்ணு எடுக்கறதுன்னா பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேக்கறது மொறைதானுங்களே. நானும் என்ற மூத்த புள்ளையக் குடுக்கறப்பப் பல்லடத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு எதிர் வீட்டுல போயி உக்காந்து காப்பி குடிச்சவந்தான்.

ஒரே வார்த்தைல சொல்லிர்றனுங்க. தங்கமான பொண்ணு. அவ்வளவுதான். இதுக்கு மேல பேசக் கூடாதுன்னு என்ற சம்சாரம் சத்தியம் வாங்கியிருக்குது. ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சுங்க. புள்ளையோட அம்மா எங்கூட்டுச் சமையக்கட்டுல உக்காந்து அழுவாத நாளில்ல. "இந்த எடம் உங்க வாயால போச்சுன்னா உங்களுக்குச் சோறு கெடையாது"ன்னு மரகதம் சொல்லிப்புட்டா. அதனால தங்கமான பொண்ணு. மிக்சர் எடுத்துக்குங்க.

கொணமா? கொணமும் தங்கந்தானுங்க. என்ஜினியரிங் படிச்சிருக்குது. பம்ப்செட் கம்பெனில டெஸ்டிங் வேலை. அஞ்சு ஹெச்.பி.ன்னு பேர் போட்ட மோட்டாரு நெசமாலுமே அஞ்சு இழுக்குதான்னு பாத்துச் சொல்லணும். நாலே முக்கால் இழுத்துதுன்னா நாலே முக்கால்னுதான் சொல்லும். கூட ஒரு புள்ளி போடாது. மொதலாளி வந்து பக்கத்துல நின்னாலும் போடாது. அந்த ஒரு கொணந்தான்... சரி, அத விடுங்க.

இல்லைங்க, எதையும் முழுங்கல. அட, மிக்சரைத்தான் முழுங்கினேன்.

என்னங்க நீங்க, வக்கீலாட்டக் கேக்கறீங்க. சரி, கேட்டதால சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. மரகதம் காப்பி கொண்டுட்டு வந்தான்னா நிறுத்திருவேன், நீங்களும் மழையப் பத்திப் பேசிருங்க. என்ற மனசுல ஒரு வருத்தம் இருக்குதுங்க. வாசல்ல வெள்ளைக் கார் பாத்தீங்களா? அதோட பின் கண்ணாடில '120 ஹெச்.பி.'ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். இருவதை மட்டும் சொரண்டி எடுத்தேன், மிச்சம் வரமாட்டேங்குது. இப்பப் பாக்கறவங்கல்லாம் ஒரு குதிரை வண்டின்னு நெனைக்கறாங்க.

அந்த இருவது போன கதைதான் என்ற வருத்தம்.

அது பழைய காருங்க. எனக்கு உசுரு. போன வருசம் என்ஜினைப் பிரிச்சு, உள்ள இருந்ததையெல்லாம் மாத்தி, அதைத் தேச்சு, இதைப் பெருசாக்கி, ஆறு மாசம் வேலை பாத்தோம். மெக்கானிக் முடிச்சுக் குடுக்கறப்ப, "அண்ணா, நூத்தி இருவதுக்குக் கொறையாது"ன்னான். அன்னைக்கே ஸ்டிக்கர் கடைக்குப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல நாங்க நாலஞ்சு பேரு ரேஸ்கோர்ஸ் ரோட்டுல நடப்பமுங்க. நடக்கறதுன்னா, ஒரு சுத்து நடந்துட்டு ஓட்டல்ல உக்காந்துக்கறது. அங்க சென்னியப்பன்னு ஒருத்தர், ஹார்டுவேர் கடை வெச்சிருக்கறவரு, அவருகிட்ட ஒரு கருப்புக் கார். என்ற ஸ்டிக்கரைப் பாத்துட்டு, "என்ற வண்டி நூத்தி முப்பது"ன்னாரு. ஸ்டிக்கர் கூட இல்லாம, வாயாலயே! எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. நெய் ரோஸ்ட் எறங்கல. ஒண்ணுதான் சாப்புட்டேன்.

வீட்டுக்கு வந்து பொலம்பிக்கிட்டு இருந்தேன். அந்நேரம் பாத்து ஹரிணி தோசை மாவு வாங்க வந்துது. "பெரீப்பா, இதுக்கு ஏனுங்க சண்டை? கணக்குப் போட்டுரலாமுங்க"ன்னுச்சு. என்ஜினைக் கழட்டி மிசின்ல ஏத்த வேண்டியதில்லையாம். நின்ன எடத்துல இருந்து கால் மைல் நேரா அமுக்கி ஓட்டணும். கோட்டைத் தாண்டறப்ப என்ன வேகம், வண்டி மொத்தம் என்ன எடை, இந்த ரெண்டு போதுமாம். வேகத்தை ஒரு எண்ணால வகுத்து, வந்ததை அதாலயே ரெண்டு தடவை பெருக்கி, அப்பறம் எடையால பெருக்கினா குதிரைத் தெறன் வந்துருமாம். அவ்வளவு எடைய அவ்வளவு வேகத்துக்கு இழுக்கணும்னா இத்தனை குதிரை இருந்துதான் ஆகணும், அதுக்குக் கொறைஞ்சா இழுக்காதுங்குது. எனக்குப் பாதி புரிஞ்சுது. ஆனா நூத்தி இருவது வந்துரும்னு முழுசா நம்பினேன்.

ஊருக்கு வெளிய பந்தயத் தளம் இருக்குதுங்களே, அங்க ஒரு ஞாயித்துக்கிழமை யாரு வேணும்னாலும் சொந்தக் காரைக் கொண்டாந்து ஓட்டலாம்னு வெச்சிருந்தாங்க. ரெண்டு வண்டிய ஜோடியா நிறுத்துவாங்க. பச்சை லைட்டு எரிஞ்சதும் உடணும். நானும் உட்டேன். அந்தக் கால் மைலு எப்பிடிப் போச்சுன்னு எனக்கே தெரியலைங்க. மருதமலை முருகா மருதமலை முருகான்னு கத்திக்கிட்டே போயிட்டேன். முடிஞ்சதும் ஒரு சீட்டு குடுத்தாங்க, கோட்டைத் தாண்டறப்ப நூத்தி முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகம்னு.

கூட வந்திருந்த ஹரிணி சீட்டை வாங்கிப் பாத்துட்டுக் கேட்டுது. "வண்டி ஆயிரம் கிலோ பெரீப்பா. உங்க எடை எவ்வளவுங்க?"

இந்தக் கேள்விய ஒரு பெரிய மனுசனப் பாத்துக் கேக்கலாமுங்களா? சுத்தியும் ஆளு வேற. எழுவத்தெட்டுன்னேன்.

அது என்னைய மேல இருந்து கீழ வரைக்கும் ஒருதரம் பாத்துது. அப்பறம் கணக்குப் போட்டுச்சு. "நூத்தி ஒம்போதே முக்கால் வருதுங்க பெரீப்பா"ன்னுச்சு.

முக்கால் குதிரை எப்பிடிங்க ஓடும்? மூணு காலுலயா? நான் ஆடிப்போயிட்டேன். "ஏன் கண்ணு, கணக்குல எங்கயாவது கூட்டறதுக்கு எடம் இல்லியா?"ன்னேன். "எடை கூடினாக் கூடுமுங்க. இந்த வேகத்துக்குப் பத்துக் கிலோவுக்கு ஒரு குதிரை"ன்னுச்சு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். நூத்தி இருவது வரணும்னா நான் நூத்தி எம்பது கிலோ இருக்கணும். அது கொஞ்சம் கஷ்டம். இருந்தாலும் கெடைக்கறதை ஏன் உடணும்? "எழுவத்தெட்டுங்கறது கண்ணாலத்தப்ப. இப்பக் கொஞ்சம் கூட இருக்கும்"னேன்.

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

"கொஞ்சந்தான் கண்ணு."

"கொஞ்சத்தை வெச்சு எப்பிடிங்க பெரீப்பா பெருக்கறது?" அப்பிடின்னு கேட்டுட்டு, நேரா என்னையும் காரையும் கூட்டிக்கிட்டு எடை மேடைக்குப் போயிருச்சுங்க.

எடை மேடைன்னா, லாரிய நிறுத்தி எடை போடறதுங்க. பொள்ளாச்சித் தேங்கா லோடு வரிசையா நிக்குது. நடுவுல என்ற வெள்ளைக் காரு. நான் உள்ள உக்காந்திருக்கேன். ரோட்டைப் பாத்தாப்புல செவப்பு லைட்டுல இத்தாப்பெரிய எழுத்து: ஆயிரத்தி நூத்திப் பத்து. "பெரீப்பா, நீங்க மட்டும் சித்த எறங்குங்க"ன்னுச்சு. எறங்கினேன். ஆயிரம்.

பின்னாடி நின்ன லாரிக்காரன் எட்டிப் பாத்து, "அண்ணா, ரெண்டு மூட்டை எறங்கிருச்சுங்ளா?"ன்னான்.

நூத்திப் பத்துக் கிலோவுங்க. எனக்கு எலும்பு கனம், எங்கப்பாவுக்கும் அப்பிடித்தான். ஆனா டாக்டருகிட்டயும் மரகதத்துகிட்டயும் எம்பத்தஞ்சுன்னு சொல்லி வெச்சிருந்தேன். அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. ஹரிணி சொல்லல, அது யாருகிட்டயும் சொல்லாது. நாந்தான் கோவத்துல எல்லாருகிட்டயும் சொல்லிப்புட்டேன்.

அதுக்கப்பறம் நம்மளை நிம்மதியா உட்டுச்சுங்களா? காலைல வந்து கதவைத் தட்டுது. "வாங்க பெரீப்பா, நடக்கலாம்." அது வேலைக்குப் போற புள்ள, அதுக்கு என்னத்துக்குங்க இந்தக் கவலை? மூணு சுத்து. ஓட்டல் பக்கம் திரும்பினா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போகுது. இப்ப எட்டுக் கிலோ எறங்கிப்போச்சு. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு பாருங்க. டாக்டரு சக்கரை மாத்திரைல ஒண்ணை நிறுத்திட்டாரு. இதையெல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்லி அழுவறது?

கதைக்கு வர்றேன். எடைய வெச்சுக் கணக்குப் போட்டா, நூத்திப் பதிமூணு. சுத்தமா நூத்திப் பதிமூணு. எனக்கு ஒரு யோசனை வந்துது. எடை கூடினா குதிரை கூடும்னு அதுதானே சொல்லுச்சு? அடுத்த மாசம் மறுபடியும் ஓட்டறதுக்குப் போறப்ப, யாருக்கும் தெரியாம டிக்கில ரெண்டு மைதா மூட்டையப் போட்டுக்கிட்டேன். நூறு கிலோ. பத்துக் குதிரை. நூத்தி இருவத்தி மூணு ஆயிருமில்லீங்களா? சொரண்ட வேண்டியதில்ல, ஸ்டிக்கரை ஏத்தி ஒட்டிக்கலாம்.

பச்சை எரிஞ்சுது. அமுக்கினேன். போற வேகத்துல ஒரு மூட்டை கிழிஞ்சு, டிக்கி இடுக்கு வழியா மைதா கெளம்பிப் பின்னாடி வெள்ளையா ஒரே மேகம். என்ஜின் வெடிச்சிருச்சுன்னு தீயணைக்கறவங்க ஓடியாராங்க. அவங்க மேலயும் மைதா. சென்னியப்பன் சிரிச்ச சிரிப்பு இருக்குதே, இன்னும் காதுலயே இருக்குதுங்க.

ஹரிணி சிரிக்கல. அதைச் சொல்லணும். மொகத்தைத் தொடச்சுக்கத் துண்டு குடுத்துச்சு. அப்பறம் சீட்டை வாங்கிப் பாத்துது. வேகம் நாலு கிலோமீட்டர் கொறைஞ்சிருந்துது. மூட்டையும் சேத்திக் கணக்குப் போட்டுச்சு. "அதே நூத்திப் பதிமூணுதானுங்க பெரீப்பா. கனம் ஏத்தினா வேகம் எறங்கிருது. உங்க என்ஜின் பொய் சொல்லாது"ன்னுச்சு.

என்ஜின் சொல்லாது, சரி. நீ சொல்லலாமுல்ல? அதுதானுங்க என்ற வருத்தம். அந்த எடத்துல சென்னியப்பன், நம்ம நடக்கற கோஷ்டி, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. சென்னியப்பன் வேணும்னே கேக்கறாரு, "என்னம்மா, உங்க பெரீப்பன் வண்டி எத்தனை?" நான் அந்தப் புள்ளையப் பாக்கறேன். கண்ணாலயே கெஞ்சறேன். மொகமெல்லாம் மைதா, கண்ணு மட்டுந்தான் தெரியுது. ஒரு வார்த்தை, சுமாரா நூத்தி இருவதுன்னு சொன்னா என்னங்க? "நூத்திப் பதிமூணுங்க"ன்னு பளிச்சுன்னு சொல்லிப்புடுச்சு.

தனியாக் கூட்டிக்கிட்டுப் போயிக் கேட்டேன். "ஏன் கண்ணு, ஒரு நூத்திப் பதினஞ்சாவது சொல்லக் கூடாதா? ரெண்டு குதிரை. ரெண்டே ரெண்டு. நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு மொத மொதல்ல பன்னு கொண்டாந்தவன் நானு." அதுக்கு அது, "எந்த ரெண்டுங்க பெரீப்பா?"ன்னு கேக்குது. கிண்டலா இல்லீங்க. நெசமாலுமே கேக்குது. எந்த ரெண்டுன்னா நான் எதைங்க காட்டறது?

சென்னியப்பன் வண்டியா? அவரும் அன்னைக்கு ஓட்டினாருங்களே, அதையும் போட்டுச்சு. தொண்ணூத்தெட்டு. நூத்தி முப்பதுன்னு சொன்ன மனுசன், தொண்ணூத்தெட்டு! அவரு கெஞ்சினாரு பாருங்க, "கண்ணு, நூறாவது சொல்லு, நூறாவது சொல்லு"ன்னு. தொண்ணூத்தெட்டுன்னுட்டுது. அன்னைல இருந்து அவரு ஈஸ்வரமூர்த்தி வீட்டுப் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்ல. ஆமாங்க, கணக்குப்படி நான்தான் ஜெயிச்சேன். அது வேற விசயம். ஜெயிச்சவனுக்கு ஏழு குதிரை போயிருச்சே, அதைப் பாருங்க.

இப்பச் சொல்லுங்க, வருத்தம் இருக்குமா இருக்காதா? ஏனுங்க சிரிக்கறீங்க?

அந்த ரெண்டு எடம் தட்டிப்போனதும் இப்பிடித்தானுங்க. ஒரு பையன் வந்து, தெனம் பத்துக் கிலோமீட்டர் ஓடறேன்னு சொன்னான். நல்ல விசயந்தானே, ஓடிட்டுப் போறான்னு உடலாமுல்ல? "எவ்வளவு நேரத்துலங்க?"ன்னு கேட்டுது. அவன் இருவது நிமிசம்னான். "அப்ப நீங்க ஒலிம்பிக்ல இருக்கோணுமே"ன்னுச்சு. காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாங்க. இன்னொருத்தன்... வேண்டாம், அது இன்னும் மோசம்.

வாம்மா மரகதம். மழைங்க இந்த வருசம் பரவால்லைங்க. காப்பி எடுத்துக்குங்க. சக்கரை போதுமுங்களா? போயிட்டாளா? போயிட்டா.

உங்க பையனப் பத்தியா? ஹரிணி என்ன சொல்லுச்சுன்னா கேக்கறீங்க? அது... வேண்டாமுங்க. சத்தியம் பண்ணியிருக்கேன். அட, அப்பிடிப் பாக்காதீங்க, எனக்கு ஒரு மாதிரி ஆகுது. நீங்க போன்ல பையன் அஞ்சடி பத்துன்னு சொன்னீங்களாமா. சரிங்களா? போட்டோவும் அனுப்பினீங்க, பையன் பைக்கோட பக்கத்துல நிக்கறது. அந்த போட்டோ மரகதத்தோட போனுக்கும் வந்துது. ஹரிணி இங்கதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துல உக்காந்து பாத்துச்சு. அந்த டயரு ஒசரம் சரியா ரெண்டடியாம். அந்தக் கம்பெனி பைக்குக்கெல்லாம் அதேதானாம். டயரு ரெண்டடின்னா, பக்கத்துல நிக்கற ஆளு எத்தனை டயரு இருக்கான்னு பாத்தாப் போதுமாம். ஸ்கேலை வெச்சு அளந்துது. "அஞ்சடி ஏழு இருப்பாருங்க பெரீம்மா. ஏன் பத்துன்னு சொல்லணும்? ஏழே நல்லாத்தானே இருக்குது"ன்னுச்சு. அப்பறம் போட்டோவைப் பெருசாக்கி இன்னொருக்காப் பாத்துச்சு. அளவு சரிதானான்னு பாக்குதாக்கும்னு நெனச்சேன்.

ஐயோ, ஏனுங்க எந்திரிக்கறீங்க? மொகம் ஏனுங்க இப்பிடி ஆயிருச்சு? காப்பி பாதில இருக்குது. மரகதம்! இல்லம்மா, நான் ஒண்ணுஞ் சொல்லல. சொல்லிட்டேன். சொல்லிட்டேன், ஆனா தங்கமான பொண்ணுன்னும் சொன்னேன். நாலஞ்சு தடவை சொன்னேன். கேட்டுப் பாரு. ஐயா, கொஞ்சம் உக்காருங்க, உங்க கால்ல வேணும்னாலும் உழுவறேன். இந்த எடம் போச்சுன்னா அந்தப் புள்ளையோட அம்மா மொகத்துல நான் எப்பிடிங்க முழிப்பேன்? அந்தப் புள்ள எனக்குப் புள்ளை மாதிரிங்க. மாதிரி என்ன, புள்ளையேதான். கணக்குத் தப்பா இருக்கும். ஆமா, தப்பாத்தான் இருக்கும். போனைக் குடு மரகதம், ஸ்கேலை எடு. நானே அளந்து அஞ்சடி பத்தைக் காட்டறேன், இருங்க.

இந்தா பாருங்க. டயரு நாலு சென்ட்டி. சரிங்களா? பையன்... தலை இங்க, காலு இங்க. பதினொண்ணு. நாலுக்குப் பதினொண்ணு. ரெண்டே முக்கால் டயரு. ஒரு டயருக்கு ரெண்டடின்னா, ரெண்டே முக்காலுக்கு...

அஞ்சரை அடி.

கொறைஞ்சு போச்சே! இருங்க, இருங்க, எனக்குக் கணக்கு வராது. நீங்களே போட்டுப் பாருங்க. நீங்க ஹார்லிக்ஸ் ஏஜென்சிக்காரரு, உங்களுக்குக் கணக்கு வரும். அஞ்சரைதானுங்களா? அஞ்சடி ஆறுதானே அஞ்சரைங்கறது? ஏழுன்னு சொல்லுச்சே அந்தப் புள்ள. மரகதம், உங்கிட்டயும் ஏழுன்னுதானே சொல்லுச்சு? அது கணக்குல தப்பே வராதே. நாலே முக்காலை அஞ்சுன்னு சொல்லாத புள்ளையாச்சே.

என்ன சொல்றீங்க? மெதுவாச் சொல்றீங்க, கேக்கல. அதுல பையன் ஷூ போட்டிருக்கானா? ஆமா, அடி தடிச்ச ஷூதான். அப்ப ஷூவோட சேத்தித்தான் அஞ்சடி ஆறா? வெறுங்காலுல அஞ்சடி அஞ்சா?

பரவால்லைங்க, நீங்க தலையக் குனியாதீங்க. உங்க வாயால நீங்களே உள்ளதைச் சொல்லிட்டீங்க. நானு எடை மேடைல ஏத்தற வரைக்கும் சொல்லாதவன், நான் உங்களை என்னங்க சொல்றது? ஆனா ஒண்ணு. தலையில இருந்து ஷூ வரைக்கும் அளந்த புள்ளைக்கு ஷூ கண்ணுல படாமயாங்க இருக்கும்? மைதா மூட்டைய எடை சேத்துன புள்ளைங்க அது. ஒரு இஞ்ச் கழிச்சு அஞ்சுன்னு சொல்லியிருக்கணும். ஏழுன்னு சொல்லியிருக்குது. அதுக்கு ரெண்டு இஞ்ச்...

ஐயா. உக்காருங்க. உக்காருங்க ஐயா. உங்களுக்கு இன்னுமா புரியல? ஊரே சுத்தி நின்னு, நான் மைதா மொகத்தோட கெஞ்சியும், எனக்கு ரெண்டு குதிரை ஏத்திக் குடுக்காத புள்ளைங்க. உங்க பையனுக்கு யாரும் கேக்காமயே ரெண்டு இஞ்ச் ஏத்திக் குடுத்திருக்குது. மரகதம், கண்ணைத் தொடச்சுக்கிட்டு ஓடு. ஈஸ்வரமூர்த்தியக் கையோட கூட்டியா. புள்ளைக்குப் பையனப் புடிச்சுப்போச்சுன்னு சொல்லு.